நாலைத் தொட்டதும் நாலைத் தாண்டியதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் பற்றி நாலு வரிச் செய்தி வந்திருந்தது. "60 வயதுக்கு மேற்பட்டோர் கலந்துகொள்ளலாம்" என்று போட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன மாசியில்தான் அறுபது நிறைந்தது. ஒரு கண்ணில் புரை இருக்கிறது. செய்தியை நான்தான் படித்துக் காட்டினேன். "எனக்கு அறுபதுதானே அம்மணி ஆகுது, மேலே ஆகலையே" என்று சொல்லிவிட்டு, சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டார். முகாமுக்குப் போய்வந்த ஒருவரிடம் திங்கட்கிழமை விசாரித்தேன். அறுபது நிறைந்த எல்லாரையும் பார்த்தார்களாம்.

செய்தி எழுதியவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. பேச்சில் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அறுபதும் அதற்கு மேலும் என்பதை "அறுபதுக்கு மேல்" என்கிறோம், கேட்கிறவரும் புரிந்துகொள்கிறார். ஆனால் இந்த "மேல்" இன்று வாயிலிருந்து நேராகக் கணினிக்குள் போகிறது. அங்கே போனதும் அதற்கு ஒரே பொருள்தான். அதை என் கையாலேயே தட்டி, ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய காசைக் குறைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கொள்முதல் மையத்தில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். காலையில் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால், தூக்குப்போசியோடு நடந்து வருகிறவர்களும் எக்செல் வண்டியில் கேன் கட்டி வருகிறவர்களுமாக 64 பேர் ஊற்றுவார்கள். சாயங்காலம் மறுபடியும். பாலை எடை போட்டு, கொஞ்சம் எடுத்து மெசினில் வைத்தால் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கும் திடச்சத்து) வந்துவிடும். இரண்டையும் வைத்து அன்றைய விலையைக் கணினி போட்டுச் சீட்டு அடிக்கும். பத்து நாளைக்கு ஒரு முறை பட்டுவாடா.

அந்த விலையைக் கணினி எப்படிப் போடுகிறது என்பதுதான் விஷயம். எங்கள் மென்பொருளில் "விதிகள்" என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒவ்வொரு வரியாக நிபந்தனை எழுதலாம். கொழுப்பு இவ்வளவு இருந்தால் இந்த விலை, எஸ்.என்.எஃப். இவ்வளவு குறைந்தால் இவ்வளவு பிடித்தம் என்று. ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழ் போட்டுக் காட்டினால் ஒரு வரி இப்படி இருக்கும்: கொழுப்பு >= 4.0 மற்றும் எஸ்.என்.எஃப். >= 8.0. நடுவில் நிற்கும் அந்தக் குறிகளைப் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் ஒப்பீட்டுச் செயற்குறிகள் என்கிறார்கள். கூர் வலப்பக்கம் பார்த்தால் "பெரியது", கூடவே சமக்குறியும் இருந்தால் "பெரியது அல்லது சமம்". என் மகள் அதைப் படிக்கிறாள். பைத்தான் மொழிப் பாடத்தில் வருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மாதம் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். "நாலுக்கு மேல போற பாலுக்கு லிட்டருக்கு ரெண்டு ரூபா சேர்த்துப் போட்டுடுங்க" என்றார். வரிசையில் ஆள் நிற்கிறது. நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கொழுப்பு > 4.0 என்று தட்டிவிட்டேன். அவர் சொன்னதும் "மேல்", நான் போட்டதும் "மேல்".

பத்து நாள் கழித்துப் பட்டுவாடா அன்று ஓர் அக்கா வந்தார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே ஒரு ஜெர்சி கலப்பு மாடு. அதிகம் படிக்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சீட்டையும் ரப்பர் பேண்டு போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பவர். இருபது சீட்டையும் மேசையில் பரப்பினார். ஆறு சீட்டில் கொழுப்பு 4.0 என்று இருந்தது. "ஏனுங் அம்மணி, மேல்வீட்டுக்காரருக்கு நாலு புள்ளி ஒண்ணு, எனக்கு நாலு. அந்த ஒரு புள்ளிக்கா ரெண்டு ரூபா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட பிறகுதான் திரையைத் திறந்து பார்த்தேன். 4.0 என்பது 4.0ஐ விடப் பெரியதா? இல்லை. சமம். கணினி ஒழுங்காகத்தான் ஒப்பிட்டிருக்கிறது. ஆறு சீட்டிலும் சேர்த்து 27 லிட்டர், 54 ரூபாய். அவருக்கு மட்டும் என்றால் அப்போதே என் கையிலிருந்து கொடுத்திருப்பேன். அந்தப் பத்து நாளில் மையம் முழுக்க 4.0 என்று அச்சான சீட்டுகளை எண்ணினால் 143 வந்தது. மற்ற யாரும் கேட்கவே இல்லை. மெசின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நிறுவனத்தின் அச்சடித்த சுற்றறிக்கை பிறகு வந்தது. அதில் "4.0 மற்றும் அதற்கு மேல்" என்று தெளிவாக இருந்தது. வித்தியாசத்தை அடுத்த பட்டுவாடாவில் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டோம். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதனாலென்னங்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தக் குறிகளை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று பல நாள் யோசித்தேன். வழி உங்கள் நாளிதழிலேயே இருந்தது. பவானிசாகர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 105 அடி. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது அணை மட்டத்தைத்தான். "100 அடியைத் தொட்டது" என்று ஒரு நாள் தலைப்பு வரும். "100 அடியைத் தாண்டியது" என்று இன்னொரு நாள் வரும். இரண்டும் ஒன்று என்று எந்த விவசாயியும் நினைக்கமாட்டார். தொட்டது என்றால் நூறு வந்துவிட்டது. தாண்டியது என்றால் நூறு போய் அதற்கு மேலும் ஏறிவிட்டது. சரி, இதையே குறிகளுக்கு வைத்துக்கொண்டால் என்ன? "தொட்டால்" என்பது >=, ஏனென்றால் தாண்டியது எதுவும் தொடாமல் தாண்டியிருக்க முடியாது. "தாண்டினால்" என்பது வெறும் >. "தொடாமல்" என்றால் <. "தாண்டாமல்" என்றால் <=. நாலு சொல்லும் நம் வாயில் ஏற்கெனவே இருப்பவை. இப்போது எங்கள் மையத்தில் யார் போனில் விதி சொன்னாலும், "தொட்டாலா, தாண்டினாலா?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன். முதலில் சூப்பர்வைசர் சிரித்தார். இப்போது அவரே அப்படித்தான் சொல்கிறார்.

சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 326வது பிரிவு வாக்குரிமை பற்றியது. 61வது திருத்தத்துக்குப் பிறகு, 21 என்று இருந்த வயது 18 ஆனது. அங்கே "18க்கு மேல்" என்ற பேச்சே கிடையாது. 18 வயதுக்குக் குறையாத குடிமகன் என்றுதான் இருக்கிறது. "குறையாமல்", "மிகாமல்" என்று அரசு அறிவிப்புகளில் படிக்கும்போது முன்பெல்லாம் இது என்ன காய்ந்த தமிழ் என்று நினைத்திருக்கிறேன். இப்போது நினைப்பதில்லை. குறையாமல் என்றால் >=, மிகாமல் என்றால் <=. எல்லைக்கோட்டில் நிற்கிறவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் சொற்கள் அவை.

எல்லைக்கோட்டில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எல்லார் வீட்டுக்கும் வரும் மின்கணக்கையே பார்க்கலாம். 2022 செப்டம்பரில் அறிவித்த வீட்டு மின்கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2 ரூபாய் 25 காசு, அதற்கடுத்த 200க்கு 4 ரூபாய் 50 காசு, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501 ஓடினால் கணக்கே மாறிவிடும். 101லிருந்து 400 வரை முழுவதற்கும் 4 ரூபாய் 50 காசு, அடுத்த 100க்கு 6 ரூபாய், 501வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். பட்டியலில் "500 வரை" என்றும் "500க்கு மேல்" என்றும் இருந்ததால் 500ல் நின்றவர் முதல் கணக்கில் வந்தார். அந்த விதியைக் கணினியில் எழுதியவர் <= போட வேண்டிய இடத்தில் < போட்டிருந்தால், சரியாக 500ல் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் 225 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும். யாராவது மேசையில் சீட்டைப் பரப்பிக் கேட்டிருப்பார்களா?

குறிகளின் கதையை என் மகள்தான் சொன்னாள். சமக்குறியைப் போட்டவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட், 1557ல். ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகள்; இதைவிடச் சமமான இரண்டு பொருள் ஏது என்பது அவர் சொன்ன காரணம். பெரியது, சிறியது என்ற கூர்க்குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தில், அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 1631ல் அச்சில் வந்தன. அந்தக் கூருக்கு அடியில் சமக்கோட்டைச் சேர்த்து, "பெரியது அல்லது சமம்" என்று 1734ல் எழுதியவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். நூறு வருடம் கழித்துத்தான் அந்தக் கோடு வந்திருக்கிறது. நான் அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் புது மெசின் வந்தது. பழைய மெசின் கொழுப்பை ஒரு தசம இடத்துக்குச் சொல்லும். புதியது இரண்டு இடத்துக்குச் சொல்லும். எங்கள் ரேட் சார்ட்டில் 3.5 முதல் 3.9 வரை ஒரு விலை, 4.0 முதல் 4.4 வரை அடுத்த விலை என்று அச்சாகியிருந்தது. விதியையும் அப்படியே எழுதியிருந்தோம். புது மெசின் வந்த முதல் நாளே ஒருவர் பாலுக்கு 3.95 காட்டியது. 3.9ஐத் தாண்டிவிட்டது, 4.0ஐத் தொடவில்லை. இரண்டு விதிக்கும் நடுவில் ஒரு சந்து. பால் அதில் விழுந்துவிட்டது. எந்த விதியிலும் சேராததற்கு என்று கடைசியில் ஒரு வரி இருந்தது, அதில் இருப்பதிலேயே குறைந்த விலை. நல்ல பாலுக்கு அடிமாட்டு விலை. அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு படியையும் "3.5ஐத் தொட்டு, 4.0ஐத் தொடாமல்" என்று மாற்றி எழுதினோம். ஒரு படி முடியும் எண்ணிலேயே அடுத்த படி தொடங்க வேண்டும். அந்த எண் ஒரு பக்கம்தான் சேர வேண்டும். நிலத்துக்குக் கல் நடுவது மாதிரிதான். இரண்டு காட்டுக்கும் ஒரே பொலிக்கல் இருந்தால்தான் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத துண்டு வராது.

எண்ணை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்துவிடும் தொல்லை வேறு இருக்கிறது. உறுப்பினர் எண் 40 வரை உள்ளவர்களுக்கு முதல் நாளும் மற்றவர்களுக்கு மறுநாளும் பட்டுவாடா என்று ஒரு விதி போட்டோம். 5லிருந்து 9 வரை எண் உள்ள ஐந்து பேர் பட்டியலில் வரவில்லை. நூறுக்கு மேல் எண் வைத்திருப்பவர்கள் வந்து நின்றார்கள். காரணம், உறுப்பினர் எண் என்ற கட்டத்தை யாரோ எழுத்து வகையாக வைத்திருக்கிறார்கள். எழுத்தாக ஒப்பிட்டால் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். "9" என்பது "40"ஐ விடப் பெரியது, ஏனென்றால் 9 நாலை விடப் பெரியது. "100" சிறியது, ஏனென்றால் 1 நாலை விடச் சிறியது. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி. தேதியிலும் இதே கதை. நாம் எழுதும் முறையில் 05-12-2023 எழுத்தாக ஒப்பிடப்பட்டால் 20-01-2023க்கு முன்னால் போய் நிற்கும். வருடத்தை முதலில், மாதத்தை அடுத்து, நாளைக் கடைசியில் எழுதினால் எழுத்தாக ஒப்பிட்டாலும் வரிசை தப்பாது.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதைத் தமிழ் நாளிதழ் நடத்தும் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "கோபி" என்று மையத்தின் பெயரை நான் தட்டுகிறேன். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வேறொருவர் வேறு விசைப்பலகையில் "கோபி" என்று தட்டுகிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி சமமில்லை என்கிறது. ஒருங்குறி (யூனிகோடு) என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண் கொடுக்கும் முறை. அதில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பாக முன்னால் வரும் ஏகாரக் குறியையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் வைக்கலாம். திரையில் ஒரே வடிவம், உள்ளே வேறு எண்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் கோபியும் கோபியும் வேறு ஊர். பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழும் ஒரு வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும். பெயர்களை வரிசைப்படுத்தினாலும் அப்படித்தான். நாம் ய ர ல வ ழ ள ற ன என்று சொல்லிப் பழகியவர்கள். ஒருங்குறி அட்டவணையில் ற முன்னால் வந்து லவுக்கு முன் நிற்கிறது, ழவுக்கு முன் ள நிற்கிறது, ன போய் நவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. குறி எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடும் மென்பொருள் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைத் தமிழ் அகர வரிசையில் தராது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு முதல் கல்யாண மொய் நோட்டு வரை இப்போது கணினியில்தானே ஏறுகிறது.

நான் அதிகம் வருத்தப்பட்டது இன்னொரு நாளுக்காக. மார்கழியில் ஒரு விடிகாலை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் கணினியும் தராசும் ஓடின, பரிசோதனை மெசின் ஓடவில்லை. எடையை மட்டும் ஏற்றி, கொழுப்பைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டேன். மென்பொருள் அந்தக் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. கொழுப்பு < 3.0 என்றால் "தங்கள் பால் தரம் குறைவு" என்று செல்போனுக்குத் தகவல் அனுப்பு என்பது விதி. பூஜ்யம் மூன்றை விடச் சிறியது. அன்று காலை 23 பேருக்கு அந்தத் தகவல் போனது.

பால் ஊற்றுகிறவரிடம் பால் தரம் குறைவு என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், என் மாமனாருக்குக் கூட்டாளி, மையத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "ஏனுங் அம்மணி, நான் தண்ணி ஊத்துனேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாகப் பால் ஊற்றும் மனிதர். காலிக் கட்டம், பூஜ்யம் என்று அவரிடம் நான் எதைச் சொல்ல? செல்போனை வாங்கி அந்தத் தகவலை அழித்துவிட்டு, எழுந்து நின்று தப்பு எங்களது என்று சொன்னேன். மற்ற 22 பேருக்கும் அன்று மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

பூஜ்யம் என்பது அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தது. காலி என்பது அளக்கவே இல்லை. பெரிய தரவுத்தளங்களில் காலியாக இருப்பதை எதோடு ஒப்பிட்டாலும் "தெரியாது" என்பதுதான் விடை. உண்மையும் கிடையாது, பொய்யும் கிடையாது. காலியைக் காலியோடு ஒப்பிட்டால்கூடச் சமம் என்று சொல்லாது. அது சரியான முறை என்று எனக்குப் படுகிறது. தெரியாததை வைத்து ஒரு மனிதர் மேல் முடிவு சொல்லக் கூடாது. இப்போது எங்கள் விதிகளில் முதல் வரியே "அளவு இருக்கிறதா?" என்பதுதான். இருந்தால்தான் மற்ற ஒப்பீடு எல்லாம்.

தசமப் புள்ளியும் ஏமாற்றும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி முடிக்க முடியாதது போல, பத்தில் ஒன்றை அதனால் முடிக்க முடியாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் அதற்கு 0.30000000000000004 வருகிறது. அது 0.3க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. எஸ்.என்.எஃப்பைச் சூத்திரம் போட்டுக் கணக்கிடும் மையங்களில், திரையில் 8.2 என்று தெரியும் எண் உள்ளே ஒரு நூலிழை குறைவாக இருக்கலாம், 8.2ஐத் தொட்டால் என்ற விதியில் அது தொடாது. முதலில் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். ரூபாயைக் காசாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

"மற்றும்", "அல்லது" பற்றியும் ஒரு வார்த்தை. வகை பசு அல்லது வகை எருமை மற்றும் கொழுப்பு >= 5.0 என்று எழுதினால், பெரும்பாலான மொழிகளில் "மற்றும்" முதலில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து என்ற நிபந்தனை எருமைக்கு மட்டும் போய்விடும். பசும்பால் எதுவானாலும் உள்ளே வந்துவிடும். அடைப்புக்குறி போட்டு எழுதினால் சிக்கல் இல்லை. அடைப்புக்குறிக்குக் காசா பணமா?

இதையெல்லாம் பால் மையத்துக்கு மட்டும் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு, எத்தனை உருப்படியைத் தொட்டால் ஊக்கத்தொகை? ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஈரப்பதம் எவ்வளவைத் தாண்டினால் விலை குறையும்? கோயம்புத்தூரில் மகனுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகிறவருக்கு மதிப்பெண் எவ்வளவு? எல்லா இடத்திலும் யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, இந்தக் குறிகளில் ஒன்றைத் தட்டுகிறார். தட்டுகிறவரும் தட்டச் சொல்கிறவரும் என்னைப் போல அவசரத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். விதி வைத்து விலையோ சம்பளமோ சலுகையோ கணக்கிடும் எந்த இடமும், அந்த விதியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எல்லையில் நிற்கும் எண்ணுக்கு என்ன நடக்கும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். எங்கள் மையத்தில் ஒட்டியிருக்கிறோம். "கொழுப்பு 4.0ஐத் தொட்டால் 2 ரூபாய் கூடுதல். 4.0க்கு உண்டு. 3.99க்கு இல்லை. மெசின் ஓடாத நாளில் யாருக்கும் பிடித்தம் இல்லை." நாலு வரிதான். பெரிய எழுத்தில், எடைத் தராசுக்கு நேர் மேலே. அந்த ஜெர்சி மாட்டுக்கார அக்கா, தன் பேத்தியைக் கூட்டி வந்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு வேண்டுகோள் உங்களுக்கு. வயது, வருமானம், மதிப்பெண், கடைசித் தேதி என்று எந்த எல்லையைப் பற்றிச் செய்தி போட்டாலும் "மேல்", "வரை", "முதல்", "தாண்டிய" என்ற சொற்களை ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எல்லை எண்ணும் சேர்த்தி என்றால் "உட்பட" என்ற ஒரு சொல்லைச் சேருங்கள், இல்லையென்றால் "60 வயது நிறைந்தவர்கள்" என்று போடுங்கள். கடைசித் தேதி 15 என்றால் 15ஆம் தேதி மாலை வரையா, 14ஆம் தேதியோடு முடிகிறதா என்பதையும் எழுதுங்கள். அணை மட்டத்துக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் கவனம் போதும்.

அடுத்த மாதம் எங்கள் ஒன்றியத்தில் மறுபடியும் கண் முகாம் வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். தேதி தெரிந்ததும் எப்போதும் போல உங்கள் நாளிதழில் செய்தி வரும். காலைக் கொள்முதலை முடித்துவிட்டு அதைப் பக்கத்து வீட்டு அத்தைக்கு நானே படித்துக் காட்டுவேன். அதில் அறுபதும் சேர்த்தி என்று அவருக்குக் கேட்கும்படி எழுதியிருங்கள்.

இப்படிக்கு,
பால் கொள்முதல் மையக் கணக்காளர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.